கேள்விக்கு விலை 15 ஆயிரம்! பொதுஜனம் கேட்டால் 10 ரூபாய்!

பட்டாவில் பெயர் மாற்ற வேண்டும். தாலுகா ஆபீசு கிளார்க்கு 3 ஆயிரம் ரூபாய் கேட்கிறார். கேட்கப்பட்டவர் நேரே லஞ்ச ஒழிப்பு போலீசிடம் போகிறார். போலீசார் பினாப்தலின் பவுடர் தடவிய நோட்டுகளைக் கொடுத்து அனுப்புகிறார்கள்.

கிளார்க்கு வாங்குகிறார். எண்ணுகிறார். மேஜை டிராயரில் போடுகிறார். மறைந்திருந்த போலீசார் பாய்ந்து வந்து, அவருடைய விரல்களை சோடியம் கார்பனேட் கரைத்த தண்ணீரில் முக்குகிறார்கள். தண்ணீர் ரோஸ் கலராக மாறுகிறது.

அவ்வளவுதான். மாலைப் பத்திரிகையில் போட்டோ வந்துவிடும். வேலை போச்சு, மானம் போச்சு. கோர்ட்டு, கேஸ், ஜெயில்.

வாங்கியவருக்கு இது வேண்டியதுதான். ஏழைகளின் வயிற்றில் அடித்தவருக்கு இரக்கம் காட்ட வேண்டியதில்லை.

ஆனால், அந்த தாலுகா ஆபீசுக்கே சட்டம் எழுதித் தருகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் கையை எந்தத் தண்ணீரில் முக்குவது? பட்டாவுக்கு 3 ஆயிரம் கொடுத்தால் நஷ்டம் ஒரு குடும்பத்துக்கு. பார்லிமெண்டில் ஒரு கேள்வி விலை போனால், ஒரு ஓட்டு விலை போனால், நஷ்டம் யாருக்கு? அந்தக் கணக்கைத்தான் பொதுஜனம் போட்டுப் பார்க்க வேண்டும்.

இல்லாத சங்கம்!

2005-ம் ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி. டெல்லி டெலிவிஷன் ஒன்றில் ஓடிய படத்தைப் பார்த்து நாடே வாயைப் பிளந்தது.

படத்தில் வந்தவர்கள் சினிமா நடிகர்கள் அல்ல. எம்.பி.க்கள். ஒருவர் இருவர் அல்ல, 11 பேர். நோட்டுக் கட்டை வாங்குகிறார்கள். பார்லிமெண்டில் கேள்வி கேட்கத்தான் அந்தப் பணம்!

"கோப்ராபோஸ்ட்" என்ற செய்தி நிறுவனத்து நிருபர்கள் விரித்த வலை அது. சுமார் 8 மாதம் ரகசியக் கேமராவுடன் அலைந்தார்கள். "வட இந்திய சிறு உற்பத்தியாளர் சங்கத்தின் ஆட்கள் நாங்கள்" என்று சொல்லிக்கொண்டு எம்.பி.க்கள் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். "எங்கள் சங்கத்துக்காக சபையில் நாலு கேள்வி கேளுங்கள். கவனித்துக் கொள்கிறோம்" என்பதுதான் பேச்சு.

வேடிக்கை என்னவென்றால், அப்படி ஒரு சங்கமே கிடையாது! ஆபீசு இல்லை. மெம்பர் இல்லை. போர்டு கூட இல்லை. எல்லாம் நிருபர்களின் கற்பனை.

தெருமுனையில் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால், "எந்த ஊர்? எங்கே வேலை? யார் தெரிந்தவர்?" என்று பத்துக் கேள்வி கேட்ட பிறகுதான் சாவியைக் கண்ணில் காட்டுவார்கள். நாட்டின் பார்லிமெண்டு மெம்பர்களிடம் ஒரு சங்கம் வந்து நின்றது. அது எங்கே இருக்கிறது என்று விசாரித்திருந்தால் அன்றைக்கே குட்டு உடைந்திருக்கும்.

வாங்கிய தொகை என்ன? குறைந்தது 15 ஆயிரம் ரூபாய். அதிகபட்சம் 1 லட்சத்து 10 ஆயிரம். எம்.பி. பதவிக்கு மாதம் வருகிற வருமானம், வீடு, டெலிபோன், ரெயில் பாஸ், விமான டிக்கெட் எல்லாம் இருக்க, ஒரு பழைய ஸ்கூட்டர் விலைக்கு விழுந்தார்களே என்றுதான் அன்றைக்கு டீக்கடையில் பேசினார்கள்.

கட்சி பேதம் உண்டா? கிடையாது. பாரதீய ஜனதா 6, பகுஜன் சமாஜ் 3, காங்கிரஸ் 1, ராஷ்டிரீய ஜனதாதளம் 1. மேடையில் ஒருவரை ஒருவர் கிழித்துக்கொள்கிற கட்சிகள், நோட்டுக் கட்டின் முன்னால் ஒரே வரிசையில் நின்றன.

11 பேரில் தமிழ்நாட்டு எம்.பி. யாரும் இல்லை. அதற்காக இங்கே யாரும் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

நாவலில் இருந்து வந்த என்ஜின்!

நிருபர்கள் எழுதிக் கொடுத்த கேள்விகளில் குறும்பும் செய்திருந்தார்கள்.

"யோசேரியன்" என்ற பெயருள்ள டீசல் என்ஜினை ஜெர்மனியில் இருந்து வாங்க ரெயில்வே ஆர்டர் கொடுத்திருக்கிறதா என்று ஒரு கேள்வி. யோசேரியன் என்பது என்ஜின் அல்ல. "கேட்ச்-22" என்ற அமெரிக்க நாவலின் கதாநாயகன் பெயர்! பருத்தி விதை பற்றிய இன்னொரு கேள்வியில் அந்த நாவலின் பெயரையே பருத்தி ரகத்தின் பெயராகப் போட்டிருந்தார்கள். சாலிஞ்சர் என்ற எழுத்தாளர் பெயரில் ஒரு பருத்தி!

60-க்கு மேற்பட்ட கேள்விகளை இப்படி எழுதிக் கொடுத்தார்கள். அவற்றில் 25 கேள்விகள் சபையில் ஏற்கப்பட்டு விட்டன.

சிரிப்பு வருகிறது. சிரித்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தால் வயிறு எரிகிறது. இல்லாத சங்கத்தின் இல்லாத கோரிக்கை, டெல்லி சபையின் வாசலைத் தாண்டி உள்ளே போய்விட்டது. குடிதண்ணீர் இல்லை, ஆஸ்பத்திரி இல்லை என்று தொகுதி ஜனங்கள் வருஷக்கணக்கில் கொடுக்கிற மனு எந்த மூலையில் கிடக்கிறதோ, தெரியாது.

லோக்சபையில் ஒரு நாளைக்கு மந்திரி எழுந்து வாயால் பதில் சொல்ல எடுத்துக்கொள்வது 20 கேள்வி. எழுத்தில் பதில் தருவது 230 கேள்வி. அதற்கு மேல் இடமில்லை. வருகிற கேள்விகள் ஏராளம் என்பதால் குலுக்கல் போட்டு எடுக்கிறார்கள். காசு வாங்கிய கேள்வி ஒன்று உள்ளே போனால், காசு கொடுக்க முடியாதவனின் கேள்வி ஒன்று வெளியே நிற்கிறது என்று அர்த்தம்.

சும்மா ஒரு கேள்விதானே?

"ஒரு கேள்விதானே கேட்டார்? சர்க்கார் கஜானாவையா உடைத்தார்?" என்று வக்காலத்து வாங்கியவர்களும் உண்டு.

கேள்வி என்றால் சும்மாவா? மந்திரி ஆபீசில் இருந்து கீழ் ஆபீசு வரை பைல் ஓடும். கணக்கு எடுப்பார்கள். டைப் அடிப்பார்கள். மந்திரி கையெழுத்துப் போட வேண்டும். பார்லிமெண்டு நடக்க நிமிஷத்துக்கு 2½ லட்சம் ரூபாய் செலவு என்று 2012-ல் பார்லிமெண்டு விவகார மந்திரியாக இருந்த பவன்குமார் பன்சால் கணக்குச் சொன்னார். அந்தக் கணக்குப்படி ஒரு மணி நேரக் கேள்வி நேரத்துக்கு 1½ கோடி ரூபாய். அத்தனையும் பொதுஜனத்தின் வரிப்பணம்.

15 ஆயிரம் கொடுத்த தரகர், பொதுஜனத்தின் செலவில் சர்க்காரையே தன் வேலைக்காரனாக ஓட விடுகிறார்!

தரகருக்கு இதில் என்ன லாபம்? போட்டிக் கம்பெனிக்கு டெண்டர் போகப்போகிறது. அந்த டெண்டரைப் பற்றி சபையில் ஒரு கேள்வி வந்தால், கையெழுத்துப் போட வேண்டிய ஆபீசருக்கு கை நடுங்கும். "எதற்கு வம்பு?" என்று பைலை ஓரமாக வைப்பார். வேண்டாத ஆபீசரை மிரட்டவும் கேள்வி உதவும். வெளியே வராத புள்ளிவிவரத்தை மந்திரி வாயாலேயே வாங்கவும் கேள்வி உதவும். அதனால்தான் கேள்விக்கு விலை இருக்கிறது.

நேர்மையான கேள்விக்கு இருக்கிற பலத்தை 1957 டிசம்பரில் நாடு பார்த்தது. ஆயுள் இன்சூரன்ஸ் கார்ப்பரேஷன், ஹரிதாஸ் முந்த்ரா என்ற வியாபாரியின் கம்பெனிப் பங்குகளை சுமார் 1¼ கோடி ரூபாய் கொடுத்து வாங்கியது. பாலிசிதாரர்களின் பணம். லோக்சபையில் எழுந்து கேள்விமேல் கேள்வி கேட்டவர் பெரோஸ் காந்தி. ஆளும் காங்கிரஸ் எம்.பி. அவர். பிரதமர் நேருவின் மருமகன் வேறு! சொந்தக் கட்சி சர்க்கார் என்று வாயை மூடிக்கொள்ளவில்லை. நீதிபதி சாக்ளா பகிரங்க விசாரணை நடத்தினார். நிதி மந்திரி டி.டி.கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் ராஜினாமா செய்தார்.

காசு வாங்காமல் கேட்ட கேள்வி நிதி மந்திரியையே வீட்டுக்கு அனுப்பியது. அப்படிப்பட்ட ஆயுதத்தைத்தான் 15 ஆயிரத்துக்கு அடகு வைத்தார்கள்.

முதல் கேஸ் 1951-ல்!

இது புதுசாக முளைத்த வியாதி என்று நினைத்தால் தப்பு. சுதந்திரம் வந்து நாலே வருஷத்தில் முதல் கேஸ் வந்துவிட்டது.

1951-ல் எச்.ஜி.முட்கல் என்ற எம்.பி., பம்பாய் தங்கம்-வெள்ளி வியாபாரிகள் சங்கத்திடம் பணம் பேசி, அவர்களுக்காகப் பார்லிமெண்டில் கேள்வி கேட்டார், மசோதாவில் திருத்தம் கொண்டுவர முயன்றார் என்று புகார் வந்தது. நேரு ஒதுங்கிப் போகவில்லை. கமிட்டி போட்டார். அந்தக் கமிட்டியின் தலைவர் யார் தெரியுமா? ஏழு வருஷம் கழித்து முந்த்ரா விவகாரத்தில் பதவியை விட்ட அதே டி.டி.கிருஷ்ணமாச்சாரிதான்! விசாரித்தவரே பிறகு விசாரிக்கப்பட்டார். பார்லிமெண்டு பார்த்த விசித்திரங்களில் இது ஒன்று.

முட்கல் குற்றவாளி என்றது கமிட்டி. சபை அவரை நீக்குவதற்கு முன் அவரே ராஜினாமா கடிதத்தைக் கொடுத்துவிட்டார்.

கேள்விக்கு பதவி போச்சு!

2005-ல் சபை சுறுசுறுப்பாகவே நடந்துகொண்டது. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை.

படம் வெளியானது டிசம்பர் 12. சபாநாயகர் சோம்நாத் சாட்டர்ஜி உடனே விசாரணைக் கமிட்டி போட்டார். நிமிஷத்துக்கு 2½ லட்சம் கணக்குச் சொன்ன அதே பவன்குமார் பன்சால்தான் தலைவர். டிசம்பர் 23-ந் தேதி 11 பேர் பதவியும் பறிக்கப்பட்டது. லோக்சபையில் 10 பேர், ராஜ்யசபையில் ஒருவர். படம் வந்து பதினோராம் நாள், 11 பேரும் மாஜி ஆனார்கள்! தண்டனை அதிகம் என்று பாரதீய ஜனதா எம்.பி.க்கள் லோக்சபையில் வெளிநடப்பு செய்தார்கள்.

"நீக்க சபைக்கு அதிகாரம் இல்லை" என்று சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். 2007 ஜனவரி 10-ந் தேதி, "அதிகாரம் உண்டு" என்று கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது.

சபாஷ் போடலாம். ஆனால் அடுத்ததைக் கேளுங்கள்.

பதவியைப் பறிக்க 11 நாள் போதுமானதாக இருந்தது. லஞ்ச கேசில் அந்த மாஜி எம்.பி.க்கள் மீது டெல்லி கோர்ட்டு குற்றச்சாட்டுப் பதிவு செய்தது எப்போது? 2017 ஆகஸ்டில்! 12 வருஷம் ஆச்சு. விசாரணை முடிய அல்ல, ஆரம்பிக்க! டிராயரில் நோட்டை வைத்த கிளார்க்கை அன்றைக்கே ஜீப்பில் ஏற்றுகிறார்கள். கேமராவில் முகம் தெரிய வாங்கியவர்களுக்கு ஒரு மாமாங்கம் அவகாசம்.

கமிஷன் பேசினால் சஸ்பெண்ட்!

அதே 2005 டிசம்பரில், முதல் படம் வந்து ஒரு வாரத்தில் இன்னொரு டெலிவிஷனில் இன்னொரு படம். இதுதான் ஊர் ஜனங்கள் காசு சம்பந்தப்பட்டது.

எம்.பி.க்களுக்குத் தொகுதி வளர்ச்சி நிதி என்று ஒன்று உண்டு. 1993 டிசம்பரில் ஆரம்பித்த திட்டம். பஸ் நிழற்குடை, பள்ளிக்கூட வகுப்பறை, தண்ணீர் தொட்டி, சமுதாயக்கூடம் என்று எம்.பி. சிபாரிசு செய்வார். கலெக்டர் மூலம் வேலை நடக்கும். 2005-ல் எம்.பி. ஒருவருக்கு வருஷத்துக்கு 2 கோடி ரூபாய். 2011-ல் இது 5 கோடி ஆனது.

அந்த நிதியில் வேலை கொடுக்க எம்.பி.க்கள் 7 பேர் கமிஷன் பேரம் பேசுகிறார்கள் என்றது படம். மறுபடியும் கமிட்டி. மறுபடியும் அறிக்கை.

முடிவு என்ன? ராஜ்யசபை ஒருவரை 2006 மார்ச்சில் நீக்கியது. லோக்சபை 4 பேருக்குக் கண்டனம் சொல்லி, சில நாள் சஸ்பெண்ட் செய்ததோடு விட்டது!

கேள்விக்குக் காசு வாங்கியவரின் பதவி போச்சு. வகுப்பறைக்கும் தண்ணீர் தொட்டிக்கும் வந்த காசில் பங்கு பேசியதாகப் படத்தில் வந்தவர் சில நாளில் மறுபடி உள்ளே வந்தார். சபையின் மானத்துக்கு ஒரு தராசு. ஜனங்களின் பணத்துக்கு வேறொரு தராசு.

சென்னை ஆசாமிக்குப் புரிகிறாற்போல் கணக்குப் போடலாம். இந்த ஊரில் லோக்சபைத் தொகுதி மூன்று. வடசென்னை, மத்திய சென்னை, தென்சென்னை. தொகுதிக்கு 5 கோடி என்றால் வருஷத்துக்கு 15 கோடி ரூபாய். எங்கேயாவது ஒரு இடத்தில் ரூபாய்க்கு 10 காசு வழியில் போனால் என்ன ஆகும் என்று பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1½ கோடி காணாமல் போகும். அந்தப் பணத்தில் எத்தனை பள்ளிக்கூடத்துக்குக் கக்கூஸ் கட்டலாம்? எத்தனை நிழற்குடைக்குக் கூரை போடலாம்?

காண்டிராக்டர் கையில் இருந்து கமிஷன் போவதாக நினைக்க வேண்டாம். அவர் எந்தக் காலத்தில் சொந்தக் காசைக் கொடுத்தார்? சிமெண்டில் குறையும். கம்பியில் குறையும். இரண்டாவது மழையில் தளம் ஒழுகும். மறுபடி ரிப்பேர், மறுபடி டெண்டர், மறுபடி பில். ஒரு தடவை போன 10 காசு, மூன்று தடவை செலவு வைக்கும். சர்க்கார் பணம் வீணாகிறது என்று தலையங்கத்தில் எழுதுகிறார்களே, அது வீணாகிற வழி இதுதான்.

ஓட்டு போட்டால் தப்பிக்கலாம்!

கேள்வியைவிடப் பெரியது ஓட்டு. அதற்கும் விலை பேசிய கதை உண்டு.

1993 ஜூலை 28. நரசிம்மராவ் சர்க்கார் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம். சர்க்காருக்குச் சாதகமாக 265 ஓட்டு, எதிராக 251. சர்க்கார் பிழைத்தது. ஜார்கண்ட் முக்தி மோர்ச்சா எம்.பி.க்களுக்குப் பணம் கைமாறியது என்று பிறகு கேஸ் வந்தது.

1998-ல் சுப்ரீம் கோர்ட்டில் 3 நீதிபதிகள் ஒரு பக்கம், 2 நீதிபதிகள் மறுபக்கம். பெரும்பான்மைத் தீர்ப்பு இதுதான். சபைக்குள் போட்ட ஓட்டுக்காகக் கோர்ட்டு நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று அரசியல் சட்டம் சொல்கிறது. ஆகவே பணம் வாங்கி ஓட்டுப் போட்டவர் மீது கேஸ் நடத்த முடியாது. பணம் வாங்கிவிட்டு ஓட்டுப் போடாதவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது!

அதாவது, வாங்கிய காசுக்கு வேலை செய்தால் தப்பிக்கலாம். ஏமாற்றினால்தான் மாட்டிக்கொள்வார். பிக்பாக்கெட் கும்பலில் கூட இப்படி ஒரு சட்டம் கிடையாது.

இந்தத் தீர்ப்பு 26 வருஷம் நின்றது. 2024 மார்ச் 4-ந் தேதிதான் 7 நீதிபதிகள் கொண்ட பெஞ்ச் ஒருமனதாக அதைத் தூக்கி எறிந்தது. சபைக்குள் பேசவும் ஓட்டுப் போடவும் வாங்குகிற லஞ்சத்துக்குப் பாதுகாப்பு இல்லை என்று தீர்ப்பளித்தது. லேட்டானாலும் நியாயம் வந்தது.

கட்டுக் கட்டாக வந்தால் நன்கொடை!

இவ்வளவும் சில்லறை. மொத்த வியாபாரம் வேறு இடத்தில் நடந்தது.

2018 மார்ச் முதல் 2024 ஜனவரி வரை தேர்தல் பத்திரம் என்று ஒன்று விற்றார்கள். ஸ்டேட் பாங்கியில் பணம் கட்டிப் பத்திரம் வாங்கி, பிடித்த கட்சிக்குக் கொடுக்கலாம். யார் கொடுத்தது, யாருக்குக் கொடுத்தது என்று பொதுஜனத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை. முன்பு கம்பெனிகள் மூன்று வருஷ சராசரி லாபத்தில் 7½ சதவீதத்துக்கு மேல் கட்சிகளுக்குக் கொடுக்கக்கூடாது என்று சட்டம் இருந்தது. 2017-ல் அந்தக் கட்டையும் அவிழ்த்து விட்டார்கள்.

விற்றது மொத்தம் 16 ஆயிரத்து 518 கோடி ரூபாய்!

பத்திரத்தை அச்சடித்த செலவு, பாங்கிக் கமிஷன் எல்லாம் யார் கொடுத்தது? பத்திரம் வாங்கிய கோடீசுவரர்கள் அல்ல. சர்க்கார் கஜானா! பணக்காரர் ரகசியமாகக் கட்சிக்குக் கொடுக்க, தீப்பெட்டிக்கு வரி கட்டுகிறவன் கூலி கொடுத்தான்.

2024 பிப்ரவரி 15-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு இந்தத் திட்டம் செல்லாது என்றது. பணம் கொடுத்தவருக்குச் சலுகை திரும்பிப் போக வழி இருக்கிறது, கொடுத்தவர் யார் என்று ஓட்டருக்குத் தெரிய வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். பட்டியல் வெளியே வந்தது. அதிகம் பெற்ற கட்சி டெல்லியை ஆளும் பாரதீய ஜனதா. அதிகம் வாங்கியது கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட லாட்டரிக் கம்பெனி, ரூ.1,368 கோடி. லாட்டரிச் சீட்டை 2003-லேயே தடை செய்த தமிழ்நாட்டில், அந்தக் கம்பெனியிடம் தி.மு.க. பெற்றது ரூ.509 கோடி. மற்ற பெரிய கட்சிகளும் சும்மா இருக்கவில்லை.

கொடுத்ததற்கெல்லாம் கைமாறு நடந்தது என்று எந்தக் கோர்ட்டும் முடிவு செய்யவில்லை. அதையும் சொல்ல வேண்டும். ஆனால் பொதுஜனத்துக்கு ஒரு சந்தேகம் வருமா, வராதா? கல்யாணத்துக்கு 101 ரூபாய் மொய் எழுதுகிறவன் கூட நோட்டுப் புத்தகத்தில் பெயர் ஏறிவிட்டதா என்று எட்டிப் பார்க்கிறான். கோடிக்கணக்கில் மொய் எழுதியவர்கள் பெயர் வேண்டாம் என்றார்கள். ஏன்?

15 ஆயிரம் வாங்கிய எம்.பி.யை நீக்கியது பார்லிமெண்டு. ஆயிரக்கணக்கான கோடிக்குச் சட்டம் போட்டு வழி செய்ததும் அதே பார்லிமெண்டுதான்!

யார் வந்தார், யாரைப் பார்த்தார்?

தரகர்களை ஒழிக்க முடியுமா? முடியாது. வியாபாரிகள் சங்கம் மந்திரியைப் பார்ப்பதும், தொழிலாளர் சங்கம் எம்.எல்.ஏ.விடம் மனு கொடுப்பதும் ஜனநாயகத்தில் தப்பு இல்லை. ராத்திரி பத்து மணிக்குப் பின்வாசல் வழியாகப் பார்ப்பதுதான் தப்பு.

அமெரிக்காவில் 1995-ல் ஒரு சட்டம் போட்டார்கள். சட்டசபைக்காரர்களிடம் சிபாரிசு பேசுவதைத் தொழிலாகச் செய்கிறவர்கள் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். எந்தக் கம்பெனிக்காகப் பேசினார்கள், எவ்வளவு செலவு என்று கணக்குக் காட்ட வேண்டும். அதனால் அங்கே எல்லாரும் அரிச்சந்திரன் ஆகிவிடவில்லை. ஆனால் பெயராவது தெரிகிறது.

2012 டிசம்பரில் என்ன நடந்தது? வால்மார்ட் என்ற அமெரிக்கக் கடைக் கம்பெனி, அமெரிக்க எம்.பி.க்களிடம் சிபாரிசு பேச 2008-ல் இருந்து சுமார் 2½ கோடி டாலர் செலவு செய்ததாகக் கணக்குக் கொடுத்திருந்தது. பேசிய விஷயங்களில் இந்தியாவில் கடை திறப்பதும் ஒன்று. செய்தி வந்ததும் டெல்லி பார்லிமெண்டில் ஒரே அமளி. ஓய்வு பெற்ற நீதிபதியை வைத்து விசாரித்தார்கள்.

இந்தியக் கடைத்தெரு பற்றிய சமாச்சாரம் இந்தியருக்குத் தெரியவந்தது அமெரிக்கா வைத்திருக்கும் ஏட்டில் இருந்து! இங்கே அப்படி ஒரு ஏடு இல்லை. இதற்காக 2013-ல் எம்.பி. ஒருவர் தனி மசோதா கொண்டுவந்தார். அது சட்டம் ஆகவில்லை.

2023 டிசம்பர் 8-ந் தேதி கிருஷ்ணாநகர் எம்.பி. மகுவா மொய்த்ரா, கேள்வி விவகாரத்தில் லோக்சபையில் இருந்து நீக்கப்பட்டார். பணம் வாங்கவே இல்லை என்று அவர் மறுத்தார். பார்லிமெண்டு கம்ப்யூட்டர் கணக்கின் ரகசிய எண்ணை வியாபாரி ஒருவரிடம் கொடுத்தார் என்பது அதில் முக்கியப் புகார். 2024 தேர்தலில் அதே தொகுதியில் மறுபடி ஜெயித்து வந்தார். அவர் பக்கம் நியாயமா, சபை பக்கம் நியாயமா என்று இன்றைக்கும் சண்டை. யார் யாரைப் பார்த்தார், யாருக்காகப் பேசினார் என்று முறையாக ஒரு ஏடு இருந்தால் பாதிச் சண்டை இருக்காது.

ஆகவே சர்க்கார் செய்ய வேண்டியது சிம்பிள்.

மந்திரியையும் எம்.பி.யையும் தொழில் காரியமாகப் பார்க்க வருகிறவர் பெயர், கம்பெனி, விஷயம் மூன்றும் ஏட்டில் ஏற வேண்டும். அந்த ஏடு பொதுஜனம் பார்க்கத் திறந்திருக்க வேண்டும். ராஜ்யசபையில் மெம்பர்கள் தங்கள் தொழில், வருமானத் தொடர்புகளை எழுதி வைக்கும் ஏடு உண்டு. லோக்சபை முதல் கார்ப்பரேஷன் கவுன்சில் வரை எல்லா இடத்திலும் அது வேண்டும். எம்.பி., எம்.எல்.ஏ. லஞ்ச கேசுகளை இத்தனை மாதத்தில் முடிக்க வேண்டும் என்று கெடு வேண்டும். 12 வருஷம் கழித்துக் குற்றச்சாட்டுப் பதிவு என்றால் அது தண்டனை அல்ல, தாலாட்டு.

10 ரூபாய் ஆயுதம்!

பொதுஜனம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு.

தகவல் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12-ந் தேதி அமலுக்கு வந்தது. எம்.பி.க்கள் கேமராவில் மாட்டியது சரியாக இரண்டு மாதம் கழித்து, டிசம்பர் 12-ல். மனு கட்டணம் 10 ரூபாய்.

தெருமுனையில் எம்.பி. நிதியில் ஒரு நிழற்குடை நிற்கிறதா? அதில் கல்வெட்டு இருக்க வேண்டும். என்ன செலவு, எப்போது ஆரம்பித்து எப்போது முடித்தது, எந்த எம்.பி. என்று எழுதியிருக்க வேண்டும். திட்டத்தின் விதிமுறையே அது. செலவுத் தொகையைப் பாருங்கள். கட்டிடத்தையும் பாருங்கள். இரண்டும் ஒட்டவில்லையா? காண்டிராக்டர் யார், பில் எவ்வளவு, யார் கையெழுத்து என்று 10 ரூபாயில் மனு போடலாம்.

இல்லாத சங்கத்துக்காக 15 ஆயிரம் வாங்கிக்கொண்டு கேட்ட கேள்வி நாட்டுக்கு நஷ்டம். இருக்கிற தெருவுக்காக 10 ரூபாய் கட்டி ஒருவன் கேட்கிற கேள்வி நாட்டுக்கு லாபம்.

நோட்டில் தடவுகிற பவுடர் கிளார்க்கின் விரலில்தான் ஒட்டுகிறது. மேலே இருப்பவர்கள் கை மட்டும் இன்னும் எத்தனை நாளைக்கு நிறம் மாறாமல் இருக்கும்? தண்ணீர்க் கிண்ணத்தைப் பொதுஜனமே கையில் எடுத்தால், அதற்கும் ஒரு நாள் வரும்!